வெள்ளப் பகுதிகளில் கட்டட மண்டல விதிகள்: சென்னைப் பெருநகர்

வெள்ளப் பகுதிக் கட்டட மண்டல விதிகள் என்பவை, மழைக்காலத்தில் நீர் தேங்கக்கூடிய அல்லது ஆறும் ஏரியும் பெருகி நிறையக்கூடிய நிலங்களில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது, எவ்வளவு உயரத்தில் கட்டவேண்டும் என்பதை வரையறுக்கும் உள்ளூர் ஒழுங்குமுறைகள் ஆகும். இவ்விதிகளின் நோக்கம் இரண்டு. ஒன்று, வீட்டில் குடியிருப்போரின் உயிரையும் உடைமையையும் காப்பது. மற்றொன்று, அந்த வீட்டால் தடுக்கப்படும் நீர் அடுத்தவர் வீட்டுக்குள் புகாமல் காப்பது. இரண்டாம் நோக்கம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

இக்கட்டுரை சென்னைப் பெருநகர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விதிகள் எவை, எவ்வாறு செயல்படுகின்றன, எங்கே போதாமல் போகின்றன என்பவற்றை விளக்குகிறது.

நில உபயோக மண்டலம் என்றால் என்ன?

ஒரு நகரத்தின் நிலம் முழுவதையும் வரைபடத்தில் பிரித்து, இன்ன புல எண் குடியிருப்புக்கு, இன்ன புல எண் தொழிற்சாலைக்கு, இன்ன புல எண் வேளாண்மைக்கு என்று ஒதுக்குவதே மண்டலப் பிரிப்பு. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இச்சட்டத்தின்படி சென்னைப் பெருநகருக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு உரியது. பிற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் இப்பணியைச் செய்கிறது.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் ஒப்புதல் பெற்றது. அதன் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான பணிகள் பின்னர் தொடங்கப்பட்டன.

இரண்டாம் முழுமைத் திட்டம் நிலத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், சிறப்பு மற்றும் அபாயத் தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, வேளாண்மை, நகர்ப்புறமல்லாத பகுதி என்று பிரிக்கிறது. இவற்றோடு செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்சென்னைக் கடலோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பகுதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

இப்பட்டியலை மாணவர்கள் ஒருமுறை கவனித்துப் பார்க்கவேண்டும். குடிநீரைக் காக்க ஒரு மண்டலம் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க ஒரு மண்டலம் இருக்கிறது. ஆனால் வெள்ள மண்டலம் என்ற பெயரில் ஒரு மண்டலம் இல்லை. ஆகவே ஒரு மனை குடியிருப்பு மண்டலத்தில் அமைந்திருக்கிறது என்பதற்கு, அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்பது மட்டுமே பொருள். அங்கே வெள்ளம் வராது என்பது பொருளன்று.

சென்னையின் நில அமைப்பு

சென்னை ஒரு தட்டையான கடற்கரைச் சமவெளி. நகரின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 முதல் 7 மீட்டர் வரைதான். வடக்கே கொசத்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு ஆகிய மூன்று ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்ந்து கடலில் சேர்கின்றன. இவற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காகச் செல்கிறது பக்கிங்காம் கால்வாய். சரிவு குறைவாக இருப்பதால் மழைநீர் மெதுவாகவே வடியும். கடல் ஏற்ற நேரத்தில் முகத்துவாரத்தில் நீர் தடைப்படும்.

இத்தகைய நிலத்தில் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக அமைக்கவில்லை, சங்கிலியாக அமைத்தனர். மேட்டில் உள்ள ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே வழியும் நீர், போக்குக் கால்வாய் மூலம் அடுத்த ஏரிக்குச் செல்லும். அந்த ஏரிக்கு அதுவே வரத்துக் கால்வாய். கரையில் உள்ள மதகு வழியே திறக்கப்படும் நீர் ஏரிக்குக் கீழே உள்ள நஞ்சை நிலங்களுக்குப் பாயும். அந்நிலப்பரப்புக்கு ஆயக்கட்டு என்று பெயர். குடியிருப்பு அமைந்த இடம் நத்தம். அதற்குப் பெரும்பாலும் மேடான பகுதியையே தேர்ந்தெடுத்தனர். ஏரிக்குள்ளும் ஓடைக்குள்ளும் தனியார் உரிமை கூடாது என்பதற்காக அவை ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்க் கணக்கில் பதியப்பட்டன. எழுத்தில் மண்டல விதி என்று இல்லாவிட்டாலும், மேட்டில் வீடு, பள்ளத்தில் பயிர், அதனினும் தாழ்ந்த இடத்தில் நீர் என்ற இந்த ஏற்பாடு ஒரு மண்டலப் பிரிப்பே ஆகும்.

தென்சென்னையில் ஏறத்தாழ 30 ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. சதுப்புநிலம் ஒரு பெரிய பஞ்சு போல நீரை வாங்கி வைத்து மெல்ல விடுகிறது. சாலைகள், கட்டடங்கள், குப்பைக் கிடங்கு ஆகியவற்றால் அதன் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 எக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

நகரின் நடுப்பகுதியிலும் ஏரிகள் இருந்தன. மயிலாப்பூரின் நெடிய ஏரி இருந்த இடத்தில் 1920-களில் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியா, மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை ஆகிய பெயர்களில் மட்டுமே அந்த நீர்ப்பரப்புகள் எஞ்சியுள்ளன.

வெள்ளத்தை அளக்கும் முறை

மண்டல விதி எழுதுவதற்கு முன் எந்த அளவு வெள்ளத்துக்கு எழுதுவது என்று முடிவு செய்யவேண்டும். இதற்குப் பொறியாளர்கள் மீள்வரவுக் காலம் என்ற அளவைப் பயன்படுத்துகின்றனர். 100 ஆண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வருவதற்கு 100-இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஓர் ஆண்டு வந்துவிட்டதால் மறு ஆண்டு வராது என்பதில்லை.

இதை வீட்டுக் கணக்காகப் பார்க்கலாம். ஒருவர் 20 ஆண்டுத் தவணையில் கடன் பெற்று வீடு கட்டுகிறார். வீடு 100 ஆண்டு வெள்ள மட்டத்தில் இருந்தால், கடன் முடிவதற்குள் ஒருமுறையேனும் நீர் புகும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. 25 ஆண்டு வெள்ள மட்டத்தில் இருந்தால் அதுவே ஏறத்தாழ 56 விழுக்காடு. அந்த வீடு 50 ஆண்டு நிலைத்தால் வாய்ப்பு முறையே ஏறத்தாழ 40, 87 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் சிறிதாகத் தோன்றும் எண் ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் பெரிதாகிவிடுகிறது.

தேசிய அளவிலான வழிகாட்டுதல்கள்

வெள்ளச் சமவெளிகளை மண்டலமாகப் பிரிப்பதற்கான மாதிரிச் சட்ட முன்வரைவை மத்திய அரசு 1975-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நிலமும் நீரும் மாநிலப் பொறுப்பில் இருப்பதால் சட்டம் இயற்றவேண்டியவை மாநிலங்களே. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், முன்னைய ஜம்மு காஷ்மீர் மாநிலம் ஆகியவை சட்டம் இயற்றின. தமிழ்நாடு இப்பட்டியலில் இல்லை.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008-இல் வெளியிட்ட வெள்ள மேலாண்மை வழிகாட்டுதல்கள் கட்டடங்களை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன.

முதற்படி: மருத்துவமனை, மின்நிலையம், குடிநீர் நிலையம், தொழிற்சாலை, பாதுகாப்புத் துறை அமைப்புகள் போன்றவை. இவை 100 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு அல்லது இதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே அமையவேண்டும்.

இரண்டாம் படி: அரசு அலுவலகம், கல்வி நிறுவனம், நூலகம், குடியிருப்பு ஆகியவை. இவை 25 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே அமையவேண்டும். தாழ்ந்த இடமாயின் தூண்களின் மேல் கட்டவேண்டும்.

மூன்றாம் படி: பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவை. இவை நீர் நிறையும் இடத்திலேயே இருக்கலாம்.

மாணவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். வெள்ளத்தின்போது எது கட்டாயம் இயங்கவேண்டுமோ அது மிக உயரத்தில் இருக்கவேண்டும். எது நனைந்தாலும் உலர்ந்துவிடுமோ அது பள்ளத்தில் இருக்கலாம். எனினும் இவை வழிகாட்டுதல்களே. உள்ளூர் விதியாக எழுதப்பட்டால்தான் ஒரு மனையின் உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்.

சென்னையில் நடைமுறையில் உள்ள விதிகள்

வெள்ளச் சமவெளிக்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பல விதிகள் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019: மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. கட்டடத்தின் உயரம், பக்க இடைவெளி, தளப் பரப்பு ஆகியவற்றை வரையறுக்கின்றன. நீர்நிலைக்கு அருகில் அமையும் கட்டடங்களுக்கு நிபந்தனை விதிக்கவும் இடந்தருகின்றன. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கவேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை: 1991-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட்டது. கடற்கரை மட்டுமன்றி, கடல் ஏற்றம் எட்டும் தொலைவு வரையுள்ள ஆற்றுக் கரைகளும் இதில் அடங்கும். அதனால் கூவம், அடையாறு ஆகியவற்றின் முகத்துவாரப் பகுதிகள் இதன் கீழ் வருகின்றன.

ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், 2017: ஈரநிலத்தில் கடந்த 10 ஆண்டுகளில் கண்ட சராசரி உயர்வெள்ள எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் கூடாது என்கின்றன. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் ஆற்றுப் படுகையும், நெல்வயலும், குடிநீருக்காகவோ பாசனத்துக்காகவோ மனிதரால் அமைக்கப்பட்ட நீர்நிலைகளும் இவ்விதிகளின் ஈரநில வரையறைக்குள் வாரா. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை என்பதை இங்கே நினைவிற்கொள்ளவேண்டும்.

தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007: மேற்சொன்ன இடைவெளியை ஓரளவு நிரப்புவது இதுவே. பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளை அளந்து எல்லை குறிக்கவும், ஆக்கிரமிப்பை அறிவிப்பு தந்து அகற்றவும் இது வழிசெய்கிறது. நீர்நிலைகளைக் காப்பது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2001-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2005-இலும் வழங்கிய தீர்ப்புகள் இச்சட்டத்துக்கு முன்னோடிகளாக அமைந்தன.

மழைநீர் சேகரிப்பு விதி: 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இது நிலத்தடி நீருக்காக வந்த விதி. ஆயினும் மொட்டைமாடியில் விழும் நீர் முழுவதும் தெருவுக்கு வந்து சேர்வதை இது ஓரளவு குறைக்கிறது.

தடையின்மைச் சான்றும் மனை உயர்த்தலும்

தாழ்வான இடத்திலோ நீர்வழிக்கு அருகிலோ பெரிய கட்டடமோ மனைப்பிரிவோ அமைக்க விண்ணப்பம் வந்தால், திட்ட அனுமதி வழங்கும் அமைப்பு நீர்வளத் துறையின் கருத்தைக் கேட்கும். துறைப் பொறியாளர்கள் இடத்தைப் பார்வையிட்டு, அருகிலுள்ள ஆறு, ஏரி, கால்வாய் ஆகியவற்றின் மட்டங்களோடு மனையின் மட்டத்தை ஒப்பிட்டு, தடையின்மைச் சான்று தரலாமா என்று முடிவு செய்வர். பெரும்பாலும் அச்சான்று சில நிபந்தனைகளுடன் வரும். மனையைக் கடல் மட்டத்திலிருந்து இன்ன உயரத்துக்கு மண் நிரப்பி உயர்த்தவேண்டும், மனை வழியே செல்லும் வாய்க்காலை மூடக்கூடாது, குறுக்கே பாதை வேண்டுமானால் போதிய அகலத்தில் சிறுபாலம் கட்டவேண்டும் என்பவை அவற்றுள் சில.

இந்நிபந்தனை அம்மனையைக் காக்கிறது. அண்டை மனைக்கு என்ன ஆகும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். முன்பு 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கிய ஒரு கிரவுண்டு மனையை 1 மீட்டர் உயர்த்தினால், அங்கே நின்றிருக்கவேண்டிய 223 கன மீட்டர் நீர், அதாவது 2 லட்சத்து 23 ஆயிரம் லிட்டர், வேறு இடம் தேடும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் ஏறத்தாழ 19 லாரி. ஒரு நகரில் இத்தகைய 100 மனைகள் உயர்ந்தால் 2 கோடியே 23 லட்சம் லிட்டர். அந்த நீர் இன்னும் உயர்த்தப்படாத பழைய வீடுகளுக்குள்தான் போகும்.

சென்னைப் புறநகர்த் தெருக்களில் இதைக் கண்ணால் காணலாம். முதலில் கட்டிய வீட்டின் வாசல் தெருவுக்குக் கீழே இருக்கும். அடுத்துக் கட்டியவர் மூன்று படி உயர்த்தியிருப்பார். அதற்கடுத்தவர் ஆறு படி. இடையே சாலையும் மேலே மேலே தார் போடப்பட்டு உயர்ந்திருக்கும். பழைய வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் நிலைக்கு வருவார். ஒவ்வொருவர் செய்ததும் தம்மளவில் நியாயமே. கூட்டிப் பார்க்கும்போது, வசதியுள்ளவரிடமிருந்து வசதியற்றவரிடம் நீர் தள்ளப்படுகிறது. தனித்தனி மனைக்கு நிபந்தனை விதிப்பதற்கும், முழுப் பகுதிக்கும் சேர்த்து மண்டலம் வகுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். மண் நிரப்புவதற்குப் பதிலாகத் தூண்களின் மேல் கட்டி, தரைத்தளத்தை நீர் போக விட்டுவைத்தால் இடம்பெயரும் நீரின் அளவு பெரிதும் குறையும். ஆனால் அத்தரைத்தளத்தைச் சுற்றிப் பின்னர் சுவர் எழுப்பிவிட்டால் அப்பயன் போய்விடும்.

விதி போதாமல் போகும் இடங்கள்

முதலாவது ஆயக்கட்டு. ஏரிக்குள் வீடு கட்டுவது ஆக்கிரமிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஏரிக்குக் கீழே உள்ள நஞ்சை நிலம் அப்படியன்று. அது பட்டா நிலம். விற்கலாம், நில உபயோக மாற்றம் பெறலாம், மனைப்பிரிவுக்கு ஒப்புதலும் பெறலாம். ஆனால் மதகு திறந்தால் தானாக நீர் பாயவேண்டும் என்பதற்காகவே அந்நிலம் ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். பயிர் நின்றபின் மதகுகள் அடைக்கப்படுகின்றன. பாசன வாய்க்கால்கள் தெருவாகின்றன. ஏரி நிறைந்து கலிங்கு வழியும்போது நீர் தன் பழைய பாதையில் இறங்குகிறது. அங்கே வாழ்வோர் எந்தச் சட்டத்தையும் மீறியவரல்லர். எல்லாத் தாளும் சரியாக இருந்தும் வீடு மூழ்குகிறது.

இரண்டாவது வரன்முறைப்படுத்தல். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 113-ஏ, 113-சி ஆகிய பிரிவுகள், குறிப்பிட்ட நாளுக்கு முன் விதிமீறிக் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு விலக்களிக்க வழிசெய்தன. ஒப்புதலற்ற மனைப்பிரிவுகளைப் பதிவு செய்வதற்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல் வந்தன. பல்லாயிரம் எளிய குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய மனைகளுக்கு இதனால் வழி பிறந்தது. அதே சமயம், கட்டணம் செலுத்துவதால் தாள் சரியாகுமே தவிர நிலத்தின் மட்டம் உயராது.

மூன்றாவது பொதுக் கட்டுமானங்கள். நீர்வழியைச் சுருக்கியவர்கள் தனியார் மட்டுமல்லர். பறக்கும் ரயில் தடத்தின் ஒரு பகுதி பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் ஊன்றிக் கட்டப்பட்டது. பள்ளிக்கரணையின் ஓரங்களில் அரசு நிறுவனங்களும் சாலைகளும் அமைந்தன. விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லாதபோது அதை மதிக்கும் மனமும் குறைகிறது.

நான்காவது மறுகுடியமர்த்தல். கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்தோர் வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்டு, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். இவை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் 2015 வெள்ளத்தில் பாதிக்கப்பட்டன. வேலையும் பள்ளியும் இருந்த இடத்தை விட்டு வெகுதொலைவு வந்தவர்களுக்கு, எதிலிருந்து காப்பதாகச் சொல்லப்பட்டதோ அதுவே மீண்டும் எதிரே வந்து நின்றது.

2015 வெள்ளம் காட்டியது

2015 நவம்பரில் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஏரிகள் நிறைந்திருந்த நிலையில் டிசம்பர் 1 அன்று மீண்டும் பெருமழை கொட்டியது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. ஏரிக்குக் கீழே உள்ள நீர்ப்பிடிப்பிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் வந்த நீர் அதனோடு சேர்ந்தது. முடிச்சூர், மேற்குத் தாம்பரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது.

இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது இவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று குறிப்பிட்டது. ஏரி நீர் திறப்பைப் பற்றிய விவாதமே அப்போது பெரிதாக இருந்தது. ஆனால் நீர் திறப்பில் பிழை நேராதிருந்தாலும், வெள்ளச் சமவெளிக்குள் குடியிருப்பு நிறைந்திருக்கும் வரை ஆபத்து முற்றும் நீங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் வடியாமல் நின்றது இதற்குச் சான்று.

பிற நாடுகளின் முறைகள்

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளக் காப்பீட்டையும் மண்டல விதியையும் ஒன்றாக முடிச்சிட்டது. ஓர் ஊராட்சி வெள்ளச் சமவெளி விதிகளை இயற்றி நடைமுறைப்படுத்தினால்தான் அவ்வூர் மக்கள் தேசிய வெள்ளக் காப்பீட்டைப் பெறமுடியும். 100 ஆண்டு வெள்ள மட்டம் வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. ஆற்றை ஒட்டிய நீரோட்டப் பாதை திறந்தே இருக்கவேண்டும். அதற்கு வெளியே எவ்வளவு கட்டினாலும் வெள்ள மட்டம் மொத்தமாக 1 அடிக்கு மேல் உயரக்கூடாது. அண்டை வீட்டுக்கு நேரும் விளைவு இங்கே கணக்கில் எடுக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் நிலம் வெள்ள வாய்ப்பின்படி 1, 2, 3 என்று பிரிக்கப்படுகிறது. வாய்ப்புக் குறைந்த இடம் கிடைக்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். கிடைக்காதபோதே அடுத்த மண்டலத்தைக் கருதலாம். நெதர்லாந்து 1993, 1995 ஆகிய ஆண்டுகளில் ஆறுகள் பெருகியபின், கரையை மேலும் உயர்த்துவதற்கு மாறாக, 30-க்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை நிறைவேற்றியது.

மனை வாங்குவோர் பார்க்கவேண்டியவை

வில்லங்கச் சான்று நிலத்தின் மீதான பதிவுகளைச் சொல்லும். நீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எனவே மனை வாங்குமுன் கீழ்க்காண்பவற்றையும் பார்ப்பது நல்லது.

1. புல எண்ணைக் கொண்டு நில உபயோக மண்டலம் எது என்று அறியவேண்டும்.

2. ‘அ’ பதிவேட்டில் அந்நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று பார்க்கவேண்டும். நஞ்சை என்றால் அது எந்த ஏரியின் ஆயக்கட்டு என்று கேட்கவேண்டும்.

3. கிராம வரைபடத்திலும் புலப்பட வரைபடத்திலும் ஏரி, வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், ஓடை ஆகியவை மனைக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்று பார்க்கவேண்டும். இன்று தெருவாக இருப்பது பழைய படத்தில் வாய்க்காலாக இருக்கலாம்.

4. மனையின் மட்டத்தை அருகிலுள்ள சாலையோடு மட்டும் ஒப்பிடாமல், ஏரியின் கலிங்கு மட்டத்தோடு ஒப்பிடவேண்டும்.

5. அடுக்குமாடிக் குடியிருப்பாயின் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். மின்மாற்றி, மின்பலகை, ஜெனரேட்டர் ஆகியவை எந்த உயரத்தில் உள்ளன என்பதும் முக்கியம்.

6. அத்தெருவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடம் 2015-இல் நீர் எதுவரை வந்தது என்று விசாரிக்கவேண்டும். பல வீடுகளின் சுவரில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது. எந்த வரைபடத்தைவிடவும் அது தெளிவான அளவுகோல்.

மண்டல விதி நிலத்தைப் புல எண் வாரியாகப் பார்க்கிறது. நீர் மேடு பள்ளத்தை மட்டுமே பார்க்கிறது. முழுமைத் திட்ட வரைபடத்தில் நிலத்தின் மட்டமும் நீரின் பாதையும் சேர்த்து எழுதப்பட்டு, அது அரசுக்கும் தனியாருக்கும் ஒன்றாகப் பொருந்தும்போதுதான் திட்ட அனுமதி என்ற சொல் பாதுகாப்பு என்ற பொருளையும் பெறும். அதுவரை அனுமதியையும் பாதுகாப்பையும் தனித்தனியே உறுதி செய்துகொள்ளும் பொறுப்பு, வீடு கட்டுபவர் மேலேயே இருக்கிறது.